வெண்ணெய்க்கு மூன்று சுழி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி எழுதி வைக்கப்போகிறேன், தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி. நேரம் வரும்போது இந்தப் பக்கங்களைக் கிழித்து ஏதாவதொரு பத்திரிகைக்குப் பெயர் போடாமல் அனுப்புவேன். 'சீஸ் தாத்தா' என்று எல்லோரும் கொண்டாடும் மனிதர் எப்படிப்பட்டவர் என்று நாலு பேருக்குத் தெரியட்டும்.

அவர் என் சம்பந்தி. பெயர் குருபரன். வங்கியில் காலமெல்லாம் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி, கொடைக்கானலில் வீடெடுத்து, எங்கோ இரண்டு வாரப் பயிற்சிக்குப் போய்வந்து சீஸ் செய்கிறார். நான் பால்பொருள் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவன். வெண்ணெய், நெய், பாலாடைக்கட்டி என்று மதுரையில் ஒரு கல்லூரியில் தலை நரைத்த பிறகும் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். துறைத்தலைவர் நாற்காலி இரண்டு முறை என்னைத் தாண்டிப் போனது. அது வேறு கதை, அதையும் எழுதுவேன். என்னை இதுவரை யாரும் 'நெய் தாத்தா' என்று கூப்பிட்டதில்லை.

இன்று பேத்தி ஆதிரைக்குக் காதுகுத்து. என் மகள் சுடர்க்கொடி ஒற்றைப் பிள்ளை. தாய்மாமன் இல்லாத இடத்தில் தாயைப் பெற்றவன் மடி. இதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே "தாத்தா உக்காருங்க" என்றார். இரண்டு தாத்தாக்கள் உட்கார்ந்தோம். எல்லோரும் சிரித்தார்கள். குழந்தையை நடுவில் நீட்டினார்கள். அது அவருடைய மீசையைப் பார்த்ததும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

"விடுங்க சம்பந்தி, அடுத்த காதுக்கு நீங்க," என்றார் அவர்.

முதல் காது குத்தியபோது என்ன நடக்கிறதென்று குழந்தைக்குத் தெரியவில்லை. இரண்டாவது காதுக்குத் தெரிந்துவிட்டது. வீறிட்டு அழுதது. புகைப்படங்களில் அவர் மடியில் சிரிக்கும் குழந்தையும் என் மடியில் கதறும் குழந்தையும் இருக்கின்றன.

ஆகஸ்ட் 4, திங்கள்

மாடித் தொட்டியில் மிதவை பழுது. தண்ணீர் வழிந்து பின்சுவரெல்லாம் ஈரம். பிளம்பர் வருகிறேன் என்றார், வரவில்லை.

சுடர் போன் செய்தாள். ஆதிரைக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது, பால் பொருள்களை எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டாள். பிறந்ததிலிருந்தே குழந்தைக்குத் தோல் வறட்சி, கன்னத்தில் அடிக்கடி சிவப்பு. அந்தப் பயத்தில் தயிர்கூட இன்னும் தொடவிடவில்லை. "மாமாகிட்டயும் கேட்டேன்," என்றாள். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். ஒரு வயதுவரை குடிக்கும் பால் தாய்ப்பால்தான், பசும்பாலை அதற்குப் பதிலாக்காதே. தயிரில் தொடங்கு. பிறகு பன்னீர், உப்புக் குறைந்த பாலாடைக்கட்டி, மசித்து, நகக்கண் அளவு. காய்ச்சாத பாலில் செய்தது எதுவும் வேண்டாம். பூஞ்சணம் பிடிக்கவைத்துப் பழுக்கவைத்ததும் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப்பொருள். அது ஒத்துக்கொள்கிறதா என்று மூன்று நாள் பார்த்த பிறகே அடுத்தது. எதையும் காலையில் கொடு, டாக்டர் இருக்கும் வேளையாக இருக்கட்டும். கடைசியில் வெண்ணெய் பற்றி இரண்டு வரி.

படமெடுத்து அனுப்பினேன். உடனே போன். சுடர் ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தபடி மெய்ப்புத் திருத்துபவள். பள்ளிக்கூட நாளிலிருந்தே என் எழுத்துக்கு அவள்தான் ஆசிரியை.

"அப்பா, இன்னும் வெண்ணெய்க்கு ரெண்டு சுழிதானா? மூணு சுழிப்பா அது."

என் கையெழுத்தில் 'ண' எப்போதும் ஒரு சுழி குறையும். விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

சுடர் வீட்டுக்குப் போனேன். நான் எழுதிய பக்கம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு காந்தப் பசு. சம்பந்தி வாங்கிக்கொடுத்ததாம். பசுவின் வயிறு சரியாக 'ஒரே ஒரு புதுப்பொருள்' என்ற வரியை மறைத்திருந்தது. நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்றைய அவமானத்தையும் எழுதிவைக்கிறேன்.

சம்பந்தி மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். வாழையிலையில் சுற்றிய வெள்ளைக் கட்டி ஒன்றை மேசைமேல் வைத்து, தயிரெல்லாம் பிறகு பார்க்கலாம், புளிப்பில்லாத இதில் ஆரம்பிக்கலாம் என்றார். மாப்பிள்ளை பரணி, "அப்பா, இது எதுல செஞ்சது?" என்று கேட்டான். அவர், "இது பச்சை சீஸ்டா, நேத்துதான் இறக்குனேன்," என்றார்.

பச்சை. என் காது அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பச்சைப் பாலில், அதாவது காய்ச்சாத பாலில், செய்ததை எட்டு மாதக் குழந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறார். எழுந்து நின்று சொன்னேன். கிருமிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். குரல் சற்று உயர்ந்திருக்கலாம். குழந்தை உதட்டைப் பிதுக்கியது. என் மனைவி வசுமதி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"பச்சைன்னா பச்சப்பால் இல்ல சம்பந்தி. மாசக்கணக்குல வச்சுப் பழுக்கவிடாததுன்னு அர்த்தம். மாங்காய் மாதிரி. பாலை வெப்பமானி வச்சுக் காய்ச்சித்தான் செஞ்சேன். நீங்க சொல்லிக்குடுத்த சூடுதான, கல்யாணத்தன்னைக்குப் பந்தியில கேட்டேனே?"

எனக்கு நினைவில்லை. பரணி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தான். சாப்பிடும்போது கூட்டு பரிமாறிய சுடர், "இது பச்சைக் காய் இல்லப்பா, வெந்ததுதான்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வசுமதியும்தான்.

ஆகஸ்ட் 13, புதன்

நேற்றிலிருந்து குழந்தைக்கு அந்தச் சீஸைக் கொடுக்கிறார்கள். நகக்கண் அளவு, காலையில். இரண்டு நாளும் ஒன்றும் ஆகவில்லை. வாயைத் திறந்து திறந்து கேட்கிறதாம். ஊட்டும் வீடியோவைச் சம்பந்தி சொந்தக்காரர் குழுவில் போட்டிருக்கிறார். நாற்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

சுடர் போனில் சொன்னாள், "மூணு நாள் பாத்துட்டுத்தான் அடுத்தது குடுக்கணும்னு மாமா சொன்னாங்கப்பா."

அது ஃபிரிட்ஜ் கதவில் என் கையெழுத்தில் இருக்கிறது. அவர் அதை வாசித்திருக்கிறார், அவ்வளவுதான். நான் எழுதினால் அது காகிதம். அவர் சொன்னால் அது வாக்கு.

ஆகஸ்ட் 14, வியாழன்

நானே செய்வதென்று முடிவெடுத்தேன். வசுமதி கோயிலுக்குப் போன நேரம். பாலைக் காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து, பழைய வேட்டியில் வடிகட்டிக் குழவியை மேலே வைத்தேன். கோட்பாட்டில் எல்லாம் சரி. வந்தது ரப்பர். மறுபடி செய்தேன். இந்த முறை மணல். அவருடையது அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் பார்க்காதபோது விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருந்தேன். பட்டுப் போல இருந்தது.

வழவழப்புக்கு ஓர் உபாயம் செய்தேன். இப்போது வாயில் வைத்தால் கரைகிறது. உபாயத்தின் விவரம் இங்கே தேவையில்லை.

வசுமதி வந்ததும், மிக்சி ஜார் ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டாள். தொட்டி வழிகிறதல்லவா என்றேன். இப்போது எழுதிப் பார்க்கும்போது அது பதிலாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. எல்லோரும் சுடர் வீட்டில். காலை உணவுக்குச் சம்பந்தி வழக்கம்போல அவருடைய சீஸை ஊட்டினார். நான்காம் நாள். குழந்தை சப்புக்கொட்டியது. பிறகு மற்றவர்கள் கொடியேற்றம் பார்க்கக் கீழே போனார்கள். நான் குழந்தையை வைத்துக்கொள்வதாகச் சொன்னேன். பால்கனியில் சிறிது நேரம் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நன்றாகச் சிரித்தாள். என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். நல்ல நேரம் அது.

அவர்கள் மேலே வந்தபோது வாயைச் சுற்றித் திட்டுத்திட்டாகச் சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிமை வீங்கியது. வாந்தி எடுத்தாள். காரில் சுடர் அழவில்லை. குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தாள்.

மருத்துவமனையில் ஊசி போட்டு, அங்கேயே வைத்திருந்து பார்த்தார்கள். மதியத்துக்குள் வீக்கம் வடியத் தொடங்கியது. டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பாலுக்கு ஒவ்வாமையாக இருக்கலாம், சில குழந்தைகளுக்கு முதல் ஒன்றிரண்டு தடவை ஒன்றும் தெரியாது என்றார். பிறகு கேட்டார்:

"இன்னைக்கு வேற ஏதாவது புதுசா குடுத்தீங்களா?"

சுடர் இல்லை என்றாள். பரணி இல்லை என்றான். சம்பந்தி வெளியே நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துக் கேட்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பரிசோதனை செய்ய நாள் கிடைக்கும்வரை பால் பொருள் எதுவும் கூடாது. தாய்ப்பால் கொடுப்பதால் சுடருக்கும் கூடாது.

ஆகஸ்ட் 16, சனி

குழந்தை நலம். தொட்டி மிதவையை நானே மாற்றினேன்.

ஆகஸ்ட் 20, புதன்

சுடர் தயிர்சாதம் இல்லாமல் ஒரு நாளும் சாப்பிட்டு எழுந்ததில்லை. இப்போது ரசத்தோடு முடித்துக்கொள்கிறாள். காபியும் கறுப்பாக. முகம் சுருங்கிவிட்டது. மெய்ப்புத் தாள்கள் திருத்தாமல் கிடக்கின்றன.

சம்பந்தி இன்னும் மலைக்குத் திரும்பவில்லை. கூடத்து மூலையில் உட்கார்ந்திருக்கிறார். குழந்தை அவரைப் பார்த்துக் கைநீட்டியது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"என் கையால இனி அவளுக்கு எதுவும் வேண்டாம் சம்பந்தி. நீங்க படிச்சவரு. நீங்களே பாத்துக்கங்க."

குழந்தையை அவரே தூக்கி என் மடியில் வைத்தார்.

இந்த வாக்கியத்துக்காக நான் எத்தனை காலம் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். மாலைவரை ஆதிரை என் மடியில்தான் இருந்தாள். அவர் இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சொந்தக்காரர் குழுவில் அவர் போட்ட பழைய வீடியோவின் கீழே யாரோ ஒருவர், சோதனை செய்ய ஆதிரைதான் கிடைத்தாளா என்று எழுதியிருக்கிறார். நான் அதற்குக் கைதட்டவில்லை. இதையும் குறித்துவைக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பரணி சொன்னான், அவனுடைய அப்பா சீஸ் அழுத்தும் மரச் சட்டத்தையும் அச்சுகளையும் கொடைக்கானல் பக்கத்து வீட்டுக்காரரையே எடுத்துக்கொள்ளும்படி போனில் சொல்லிவிட்டாராம். இரவில் தூங்குவதில்லையாம். பாலை எந்த இடத்தில் சரியாகக் காய்ச்சாமல் விட்டேன் என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறாராம்.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க மாமா, நாங்கதான் சிரிச்சோம்," என்றான் பரணி.

இதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கொசுவலையைத் துவைத்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சுடர் போன் செய்தாள், பல நாளுக்குப் பிறகு குரலில் கொஞ்சம் தெம்பு. பாலுக்கு மாற்றாக ஒரு வழி கிடைத்துவிட்டதாம். சம்பந்தி நாள் முழுக்கத் தேடிப் படித்துக் கண்டுபிடித்தாராம். பண்ருட்டியிலிருந்து நல்ல முந்திரியாக வரவழைத்து ஊறவைத்து, அரைத்து, வடிகட்டிப் பால். பசும்பால் போலவே இருக்குமாம், கஞ்சியில் கலந்து கொடுக்கலாமாம். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கப்போகிறார்கள்.

வேண்டாம் என்றேன்.

"ஏன்ப்பா?"

தோல் வறட்சி உள்ள குழந்தைகளுக்குக் கொட்டைப் பருப்புகள் பற்றி எச்சரிக்கை தேவை என்பது ஆய்வு இலக்கியங்களில் பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்றேன். இப்படித்தான் சொன்னேன். வகுப்பில் சொல்வதுபோல.

சுடர் சொன்னாள், "அப்பா, அவரு கல்லைக் குடுத்தாலும் வேண்டாம்பீங்க, தங்கத்தைக் குடுத்தாலும் வேண்டாம்பீங்க. பாவம்ப்பா அவரு. இதுலயாவது அவர விடுங்க."

வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்று எழுதவில்லை. கல்லூரியில் வகுப்பெடுத்தேன். என்ன பாடம் என்று நினைவில்லை.

ஒவ்வாமையில் இரண்டாம் முறை முதல் முறையைப் போலவே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. மோசமாகலாம். மூச்சுக்குழாய் வீங்கலாம். இதை நான் எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் எழுத முடியும்.

இன்று மதியச் சாப்பாட்டின்போது வசுமதி எனக்கு எதிரில் ஒரு டப்பாவை வைத்தாள். முந்திரி டப்பா. பாயசத்துக்கென்று மாதத் தொடக்கத்தில் அவள் நிரப்பி வைத்தது. பாதிதான் இருந்தது.

"பதினாலாம் தேதியே பாத்தேன். யார்ட்டயும் கேக்கல. நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன்," என்றாள். "ஞாயித்துக்கிழம வரைக்கும்தான் இருப்பேன். அதுக்கப்புறம் நான் சொல்லிருவேன். ஆனா நான் சொன்னா அது கோள். நீங்க சொன்னாத்தான் அது சேதி."

மோர் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலை நடைக்குப் போகவில்லை. உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு தனித்தாளில் இப்படி எழுதினேன்: 'ஆகஸ்ட் 15 அன்று காலை, குழந்தைக்கு முந்திரி விழுது கலந்த பன்னீர் ஒரு கரண்டி ஊட்டப்பட்டது.' வாசித்துப் பார்த்தேன். இப்படியொரு வாக்கியம் மெய்ப்பில் வந்தால் சுடர் சிவப்பு மையில் வட்டம் போட்டு ஓரத்தில் 'யாரால்?' என்று எழுதுவாள். ஆராய்ச்சிக் கட்டுரைகள் எல்லாவற்றையும் நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கரைசல் சூடாக்கப்பட்டது, விளைவு பதிவு செய்யப்பட்டது. எதையும் யாரும் செய்ததில்லை.

ஊட்டினேன். என் பன்னீர் மணலாக வந்தது. அவருடையது பட்டு. அந்த வழவழப்பு வேண்டும் என்று முந்திரியை அரைத்துக் கலந்தேன். ஒரே ஒரு புதுப்பொருள் என்று எழுதிக்கொடுத்தவன், ஒரே கரண்டியில் இரண்டை வைத்தேன், ஒருவருக்கும் சொல்லாமல். குழந்தை முதலில் என் கையைப் பார்த்து வாய் திறக்க வேண்டும் என்று இருந்தது. திறந்தாள். டாக்டரம்மா கேட்டபோது நான் அட்டவணையைப் படித்தேன். எந்த வரியும் கண்ணில் படவில்லை.

குருபரனின் சீஸை மூன்று நாள் தின்று குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பாலை எங்கும் சரியாகக் காய்ச்சாமல் விடவில்லை. அது நல்ல சீஸ். இதை எழுத எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. மீசை வைத்த எல்லோரிடமும் குழந்தைகள் சாய்வதில்லை என்றும் தெரிகிறது.

போனில் சொல்லலாம் என்று காலையிலிருந்து இரண்டு முறை எண்ணைத் தொட்டேன். சொல்லத் தொடங்கினால் விளக்கத் தொடங்கிவிடுவேன். விளக்கத் தொடங்கினால் ஜெயிக்கத் தொடங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அதனால் பக்கங்களைக் கிழிக்கிறேன், மூன்றாம் தேதியிலிருந்து இன்றுவரை, எதையும் விடாமல். பத்திரிகைக்கு என்று தொடங்கியவை. காதுகுத்தில் நான் எரிந்தது, அவருடைய சீஸை விரலால் திருடி நக்கியது எல்லாம் இதில் இருக்கிறது. இருக்கட்டும். மேலே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: 'முந்திரியைத் தொடவிடாதே. இன்றே டாக்டரிடம் இதைக் காட்டு. பாலா முந்திரியா என்று அவர்கள் சோதித்துச் சொல்லட்டும். உன் மாமனாரிடமும் காட்டு.'

சுடரின் ஃபிளாட்டில் கீழே, மாடிப்படி அருகே, தபால் பெட்டி இருக்கிறது. மெய்ப்புத் தாள்கள் அதில்தான் வரும், மதியம் அவளே இறங்கி வந்து எடுப்பாள். வசுமதியிடம் சொல்லிவிட்டேன். மதியம் சுடர் பேசவில்லையென்றால் அவள் போன் செய்து, பெட்டியைப் பார் என்று சொல்வாள். இன்று வெள்ளிதான். ஞாயிற்றுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

உறையின்மேல் அனுப்புநர் பெயர் எழுதவில்லை. உள்ளேயும் கையெழுத்துப் போடப்போவதில்லை. முனைவர் என்று தொடங்கும் அந்தப் பெயரை எங்கே போட்டாலும் அது எழுந்து நின்று வாதாடும்.

கையெழுத்துப் போடாவிட்டால் என்ன. கையெழுத்து இருக்கிறது. முதல் பக்கத்திலேயே 'வெண்ணெய்' என்று எழுதியிருக்கிறேன். திருத்தலாமா என்று ஒரு கணம் பேனாவை வைத்துப் பார்த்தேன். வேண்டாம். இரண்டு சுழியாகவே போகட்டும்.